ஒன்பது கட்டங்களில் அறம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஆட்டம் என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆனால், ஒரு சமுதாயம் எதை நல்லது என்று போற்றுகிறது, எதைத் தீயது என்று தள்ளுகிறது என்பதை அதன் நீதி நூல்களைக் காட்டிலும் அதன் ஆட்டங்கள் சில வேளைகளில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் வீடுகளில் விரிக்கப்படும் பரமபதப் படத்தை எண்ணிப் பாருங்கள். நற்குணத்துக்குரிய கட்டத்தில் காய் நின்றால் ஏணி, தீக்குணத்துக்குரிய கட்டத்தில் நின்றால் பாம்பின் வாய், உச்சியில் பரமபதம். பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து ஆடும் அந்த ஒரே தாளில் ஓர் அறநூல் அடங்கியிருக்கிறது எனலாம்.

அதனோடு ஒப்பிட்டுப் பேசத்தக்க வேறோர் ஆட்டம் அண்மையில் நம் விடுதிக்குள் நுழைந்திருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ ஆடுவதன்று. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் கதை நடத்துநர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருப்பானே, அவனைப் போல இவர் எல்லாருக்கும் பொது. இடத்தைச் சொல்வார், காலத்தைச் சொல்வார், எதிரே வருபவர்களின் குரலிலும் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். “நான் கதவைத் தட்டுகிறேன்” என்பான் ஒருவன். “நான் கூரை மேல் ஏறுகிறேன்” என்பான் மற்றொருவன். ஏறினானா விழுந்தானா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். வென்றவர் தோற்றவர் என்று எவரும் இல்லை. கதை வளர்வதே ஆட்டம்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரத் தாள் இருக்கும். பெயர், வலிமை, ஆயுதம் ஆகியவற்றோடு அதில் இன்னொரு கட்டமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘அலைன்மெண்ட்’ என்கிறார்கள். நான் அதை அறச்சார்பு என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பாத்திரம் நல்லவனா, கெட்டவனா, எந்தப் பக்கம் நிற்பவன் என்று ஆட்டம் தொடங்குமுன்பே அங்கே எழுதிவிட வேண்டும். என் வழக்கு அந்தக் கட்டத்தோடுதான்.

1974-இல் மூன்றே பிரிவுகள் இருந்தன: முறை, நடு, மீறல். பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் என்னும் புனைகதை ஆசிரியர்களிடமிருந்து அந்தக் கருத்து வந்தது. 1976-இல் கைகாக்ஸ் அதோடு நன்மை, தீமை என்னும் இன்னொரு திசையைச் சேர்த்தார். 1978-இல் வெளிவந்த கையேட்டில் ஒன்பது கட்டங்களும் நிலைபெற்றன. முறை என்பது சட்டம், வாக்கு, வழக்கம், தலைவன் கட்டளை ஆகியவற்றைப் போற்றி நடப்பது. மீறல் என்பது அவற்றுக்குக் கட்டுப்படாமல் தன் மனம் காட்டிய வழியில் நடப்பது. பிறர் துன்பத்துக்கு இரங்கித் தன்னை வருத்திக்கொண்டேனும் உதவுவது நன்மை. தன் நலத்துக்காகப் பிறரை நசுக்கத் தயங்காதது தீமை. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. முறையும் நன்மையும் சேர்ந்தால் செங்கோல் மன்னன். மீறலும் நன்மையும் சேர்ந்தால் நாமக்கல் கவிஞரின் மலைக்கள்ளன். முறையும் தீமையும் சேர்ந்தால் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே குடி கெடுப்பவன். மீறலும் தீமையும் சேர்ந்தால் எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டும் வெறியன். எல்லாவற்றுக்கும் மையத்தில் நடு-நடு என்று ஒரு கட்டம். என் ஊர் நடுவட்டம் என்பதால் அந்தக் கட்டத்தை நண்பர்கள் எனக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த ஒன்பது கட்டங்களைப் பற்றி அரை நூற்றாண்டாக உலகெங்கும் ஆடுவோர் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் விடுதியில் அந்தச் சண்டை தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது.

சண்டையில் இரு கட்சிகள். ‘மனிதனைக் கட்டத்தில் அடைக்க முடியாது, இந்தப் பட்டியலைக் கிழித்தெறியுங்கள்’ என்பது ஒரு கட்சி. ‘கட்டம் இல்லாவிட்டால் எல்லாரும் கொள்ளையடிக்கக் கிளம்பிவிடுவார்கள், தன் பாத்திரம் யார் என்று ஒருவன் எழுதிக் கையொப்பம் இட்டால்தான் அதற்கு உண்மையாக ஆடுவான்’ என்பது மறு கட்சி. முதற்கட்சியில் கவிதை எழுதுவோர் மிகுதி. இரண்டாவதில் தேசிய மாணவர் படைத் தோழர்கள் மிகுதி. இரு கட்சியும் பேசாமல் விட்ட ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஆட்டத்தைப் படைத்தவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, முறை வேறு, நன்மை வேறு என்று இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போட்டுவிட்டார்கள். அது சிறிய செய்தி அன்று. சட்டத்துக்குக் கீழ்ப்படிபவன் நல்லவன், மீறுபவன் கெட்டவன் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குச் சொல்லி வருகிறார்கள். அந்த முடிச்சை இந்த ஒன்பது கட்டங்கள் அவிழ்க்கின்றன.

நம் இலக்கியம் அந்த முடிச்சை முன்பே அவிழ்த்து வைத்திருக்கிறது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் முதல் நம் கல்லூரி முத்தமிழ் விழா வரை, பட்டிமன்றம் என்றால் சலிக்காமல் மேடையேறும் தலைப்பு ஒன்று உண்டு: உயர்ந்தவன் கும்பகருணனா, வீடணனா? கம்பன் காட்டும் கும்பகருணனுக்கு அண்ணன் செய்தது தவறு என்று தெரியும். சீதையை விட்டுவிடு என்று சொல்லியும் பார்க்கிறான். கேட்கவில்லை என்றதும் போருக்குப் புறப்படுகிறான். களத்திலே வீடணன் வந்து இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும்போது, வளர்த்தவனை விட்டு வர மறுத்து மாள்கிறான். வீடணனோ அறத்தின் பக்கம் நிற்பதற்காக உடன்பிறந்தவனையும் ஊரையும் துறக்கிறான். இருவரையும் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். கும்பகருணன் முறையின் உச்சியில் நிற்கிறான்; ஆனால் அவன் காத்தது ஒரு தீமையை. வீடணன் நன்மையின் பக்கம் நிற்கிறான். ஆனால் குடியின் முறையை மீறியவன். முறையும் நன்மையும் ஒன்றே என்றால் இந்தப் பட்டிமன்றம் ஒரு நாழிகைகூட நடக்காது. அவை இரண்டு என்பதால்தான் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நடுவர்கள் தீர்ப்புச் சொல்லத் திணறுகிறார்கள்.

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். பொய் சொன்ன பொற்கொல்லன் அரண்மனையில் மதிப்புடையவன். ஆகவே முறையின் ஆள். விசாரிக்காமல் ஆணையிட்ட பாண்டியன் முறையின் தலைவன். தவறு தெரிந்த நொடியில் உயிர் விட்டு, நன்மையின் பக்கம் விழுந்தான். மதுரையை எரித்த கண்ணகி முறையை மீறியவள். அந்தச் சீற்றத்திலும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று தீக்கடவுளுக்குச் சொன்னவள். அவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று விடுதியில் கேட்டேன். ஐந்து பேர் ஐந்து கட்டம் சொன்னார்கள். ஒருவரும் தீமை என்று சொல்லவில்லை. எரிந்த வீட்டில் இருந்தவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அறிஞர் அண்ணா இன்னும் ஒரு படி மேலே சென்றார். அவருடைய ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணன் மேல்முறையீடு செய்கிறான். இரக்கம் இல்லாதவன் ஆகையால் அரக்கன் என்று எனக்கு முத்திரை குத்தினீர்கள். அதே அளவுகோலை முனிவர்கள் மீதும் மன்னர்கள் மீதும் வைத்துப் பாருங்கள் என்பதே அவன் வாதத்தின் சாரம். வழக்குக் கேட்ட நீதிதேவன் மயங்கி விழுகிறான். அரக்கன் என்பது செயலுக்கு இட்ட பெயரா, பிறந்த குலத்துக்கு இட்ட பெயரா என்பதுதான் அங்கே கேள்வி. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கியது. ஒரு பாத்திரத்தின் கட்டத்தை மாற்றி எழுதியதற்காக ஒரு நூல் இருபத்துமூன்று ஆண்டுகள் தடையில் கிடந்தது என்றால், இந்தக் கட்டம் விளையாட்டான கட்டம் அன்று என்பது விளங்கும்.

மீண்டும் நம் மேசைக்கு வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். கூடலூர் நண்பர் கதை நடத்தினார். கோத்தகிரி நண்பருக்குப் ‘பாலடின்’ என்னும் வீரன் பாத்திரம். முறை-நன்மைக் கட்டத்தில் நின்று அறம் காக்கச் சபதம் செய்தவன். எங்கள் கூட்டம் ‘ஆர்க்’ என்னும் அரக்கர் குடியிருப்பைத் தாக்கி வென்றது. பிறகு ஒரு குகைக்குள் பார்த்தால் அரக்கர் வீட்டுக் குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். என்ன செய்வது?

“இவர்கள் தீமைக் கட்டம் என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இன்று விட்டால் நாளை வளர்ந்து வந்து ஊரைக் கொளுத்துவார்கள். முடித்துவிடுவதுதான் அறம்” என்றார் வீரர்.

முதலாண்டுத் தம்பி ஒருவன் அதுவரை வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணா, அதுங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலையே?” என்றான்.

அதற்குப் பின் பகடையை யாரும் தொடவில்லை. விடுதிக் காப்பாளர் வந்து மெழுகுவத்தியை அணைக்கும் வரை வாதம்தான். பிறகு விசாரித்ததில், உலகெங்கும் இந்த ஆட்டக்காரர்களிடையே மிகப் பழைய சண்டையே இதுதான் என்று தெரிந்தது. இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. 1977-இல் வந்த கையேட்டில் இந்த அரக்கர் இனம் முறை-தீமை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மீறல்-தீமை. ஓர் இனத்தின் பிறவிக் குணம் அச்சகத்தில் மாறிவிட்டது! வெளியீட்டு நிறுவனமும் 2020-இல், எந்த இனத்தையும் இயல்பாகவே தீயதாகக் காட்டப்போவதில்லை என்ற பொருளில் அறிவித்தது. “வெளிநாட்டவருக்கு வேறு வேலை இல்லை, கற்பனை அரக்கனுக்குமா மனித உரிமை?” என்று சிலர் சிரித்தார்கள். கோத்தகிரி நண்பரும் சிரித்தவர்களில் ஒருவர். கற்பனை அரக்கனுக்கு யாரும் உரிமை கேட்கவில்லை. புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை வெட்டலாம் என்று சொல்லப் பழகும் நம் நாக்கைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பழக்கம் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருந்தது. வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பதற்கு அன்று. சில குலங்களில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிடுவதற்கு. 1897-இல் வந்த திருத்தத்தின்படி, நான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்யப்பட்டது. எங்கள் குகையில் ஒளிந்திருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் கதி வேறென்ன? 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் சட்டம் நீண்டது. கைரேகை பதிய வேண்டும் என்பதால் நம் மக்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயரிட்டார்கள். மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் அங்கே போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் பலர் மாண்டார்கள். அவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் சட்டம் ஒழிந்தது.

பெருங்காமநல்லூரை ஒன்பது கட்டங்களில் வைத்துப் பாருங்கள். ரேகை வைக்க மறுத்தவர்கள் முறையை மீறியவர்கள், அதில் ஐயமில்லை. சுட ஆணையிட்டவர்கள் முறைப்படி நடந்தவர்கள். சட்டம் அவர்கள் பக்கம். நன்மை யார் பக்கம்? ஒரே கோடு மட்டும் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே இடமிருக்காது. முறை-தீமை என்பது அமெரிக்க ஆட்டக்காரர்கள் கற்பனையில் கண்ட கட்டம் என்று எண்ண வேண்டாம். அது எண்பது ஆண்டு காலம் இந்நாட்டில் அரசிதழில் வெளிவந்த கட்டம்.

சட்டம் இல்லாமலும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு நம் நீலகிரியே சான்று. குறும்பர் என்றாலே பில்லி சூனியக்காரர் என்ற அச்சம் இம்மலையில் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்தது. நோய் வந்தாலும் மாடு செத்தாலும் பழி அவர்கள் மீது. 1835-லும் 1882-லும் குறும்பர் பலர் கொல்லப்பட்டதை மாவட்டக் கையேடு பதிவு செய்திருக்கிறது. அதே குறும்பரைத்தான் விதைப்புச் சடங்குக்கு முன்னின்று நடத்த அழைப்பதும் வழக்கமாக இருந்தது. அச்சமும் அவர்களிடம், ஆசியும் அவர்களிடம்! எந்தக் கட்டத்திலும் அடங்காத மனிதரை ஒரே கட்டத்தில் அடைத்ததன் விளைவு அது.

இனி என் ஊருக்கு வருகிறேன். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் மலைச்சரிவில் இருக்கிறது நடுவட்டம். தேயிலைக்கு முன்பு அங்கே பேர் பெற்றது சிங்கோனா. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் மரம். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தச் செடியை 1860-களில் உதகைத் தாவரத் தோட்டத்தின் மெக்கைவர் இம்மலைகளில் வளர்த்தெடுத்தார். காடு வெட்டவும் குழி தோண்டவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களில் ஒரு பகுதியினர் கைதிகள். அவர்களில் பலர் சீனர்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நீரிணைக் குடியேற்றங்களில் சிறையில் இடமில்லாததால் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார்.

1867-இல் லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த சீனக் கைதிகள் சிலர் மழை இரவில் தப்பி ஓடினார்கள். தேடிச் சென்ற போலீசாரில் நால்வர் கொலையுண்டு கிடந்தார்கள். கொடுமையான செயல், மறைப்பதற்கில்லை. இனி மறுபக்கம். தண்டனை முடிந்து விடுதலையான சீனர் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறி பயிரிட்டும், சிறிதளவு காப்பி போட்டும், மாடு வைத்தும் நேர்மையாகப் பிழைத்தார்கள் என்று அதே தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். இத்தனைக்கும் அவர் இனம் இனமாக மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து எண் போட்டவர். அளவுகோலோடு வந்தவரின் நூலிலேயே ஒரு காய்கறித் தோட்டம் தலைகாட்டிவிட்டது.

இரு கூட்டத்தாருக்கும் பதிவேட்டில் ஒரே பெயர்: சீனக் கைதி. எங்கள் ஆட்டப் புத்தகத்தின்படி எழுதியிருந்தால் இரு கூட்டத்தாரும் ஒரே கட்டத்தில் இருந்திருப்பார்கள். ஒருவன் கொலை செய்தான், ஒருவன் கோசு பயிரிட்டான். கட்டம் எதை முன்கூட்டிச் சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. கைதி என்ற சொல் முறைக் கோட்டில் அவன் எங்கே நின்றான் என்று சொல்லலாம். அதுவும் யாருடைய முறை என்று கேட்ட பிறகு. நன்மைக் கோட்டில் அவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்ல அந்தச் சொல்லுக்குத் தகுதி இல்லை. மேலும், அந்தக் கைதிகளின் உழைப்பும் கலந்த தோட்டத்திலிருந்து வந்த மரப்பட்டை எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் மருந்தாயிற்று. அதை எந்தக் கட்டத்தில் வரவு வைப்பது?

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிறைகளைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பழைய ‘குற்றப் பழங்குடி’களைப் பிறவிக் குற்றவாளிகள்போல் நடத்தும் சிறை விதிகளையும் கண்டித்தது. கைதிகளின் பதிவேட்டில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1952-இல் ஒழிந்ததாக நாம் தேர்வில் எழுதும் சட்டம், எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் ஏதோ ஒரு பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கட்டமாக உயிரோடு இருந்திருக்கிறது.

‘அப்படியானால் நீயும் கிழித்தெறியும் கட்சியா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பெருங்காமநல்லூரில் நடந்ததைத் தீமை என்று பெயரிட்டுச் சொல்ல எனக்கு ஒரு கட்டம் வேண்டும். எல்லாரும் சாம்பல் நிறம், எவரையும் எதுவும் சொல்லக் கூடாது என்று பேசுவது முற்போக்காகத் தோன்றும். அது பெரும்பாலும் சுட்டவனுக்கே வசதியான பேச்சு. என் வழக்கு கட்டத்தின் மீது அன்று, அது எங்கே ஒட்டப்படுகிறது, எப்போது எழுதப்படுகிறது என்பதன் மீது. இவ்வகையில் பரமபதம் அமெரிக்க ஆட்டத்தை விட நாகரிகமானது என்பேன். அங்கே பாவமும் புண்ணியமும் தாளில் உள்ள கட்டத்துக்கு உரியவை, காய்க்கு அன்று. பாம்பு கடித்துக் கீழே வந்த காய் அடுத்த வீச்சிலேயே ஏணி ஏறலாம். அதன் நெற்றியில் யாரும் எதையும் எழுதுவதில்லை. ஆனால் அங்கே தேர்வு இல்லை, எல்லாம் தாயத்தின் செயல். அமெரிக்க ஆட்டத்தில் தேர்வு இருக்கிறது; எழுத்தோ நெற்றியில் முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பழைய கையேடுகளில், கட்டம் மாறியவனுக்கு ஒரு படி குறைக்கும் தண்டனையும் இருந்தது. தீயவன் திருந்தினாலும் அதே தண்டனை! எழுதியபடி இரு என்பதுதான் அந்த விதியின் உட்பொருள்.

எங்கள் மேசையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். பாத்திரத் தாளில் அந்தக் கட்டம் முதல் மூன்று அமர்வுகளுக்கு வெறுமையாக இருக்கும். அதன் பின் அதை எழுதுபவர் அவரல்லர், உடன் ஆடுபவர்கள். பேனாவால் அன்று, பென்சிலால். பக்கத்திலேயே எந்தச் செயலைக் கண்டு எழுதினார்கள் என்று ஒரு வரி. முறைக்கு ஒரு வரி, நன்மைக்கு ஒரு வரி. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தீர்மானிக்கக் கூடாது. கதை நடத்துநர் கொண்டுவரும் எந்த இனத்துக்கும் கட்டம் கிடையாது. வந்து ஏதாவது செய்யட்டும், பார்க்கலாம்.

வாக்கெடுப்பில் நான்குக்கு ஒன்று என்று திருத்தம் நிறைவேறியது. எதிர்த்த ஒருவர் கோத்தகிரி நண்பர். சபதம் என்பது முன்கூட்டிச் செய்வது, பின்னால் பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் சான்றிதழ் என்கிறார். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. இன்னும் எனக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. சபதத்தைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு ஒரு சமாதானம் செய்திருக்கிறோம். குகைக் குழந்தைகள் இன்னும் குகையிலேயே இருக்கிறார்கள். முதலாண்டுத் தம்பி அவர்களுக்குக் களி கிண்டிக் கொடுப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டினான். பதினேழு விழுந்தது. பருவத் தேர்வு முடிந்ததும் மேற்கொண்டு ஆடுவோம். விருப்பமுள்ளோர் விடுதியின் மேல்தளத்துக்கு வரலாம். பகடை மட்டும் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.